தோற்றுப்போன சர்க்கரை

மார்ச் மாதத்தில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எந்தச் சர்க்கரைக் கொட்டகைக்குப் போனாலும் ஒரு நீண்ட மரத் தொட்டி கண்ணில் படும். அது நிறைய சுத்தமான பனியை வாரிப் போட்டு, அழுத்திச் சமப்படுத்தியிருப்பார்கள். கொதிக்கக் கொதிக்க இருக்கும் மேப்பிள் பாகை அதன்மேல் கோடு கோடாக ஊற்றுவார்கள். சில நொடிகள் பொறுத்து, கோட்டின் ஒரு முனையில் மரக்குச்சியை வைத்து உருட்டினால் பாகு மொத்தமும் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்துவிடும். வெளியே குளிர்ச்சி, உள்ளே வெதுவெதுப்பு. பல்லில் ஒட்டினால் லேசில் விடாது. இதைக் காணொளியில் பார்த்து நாக்கு ஊறாதவர்கள் இன்று குறைவு.

பார்த்தால் பிள்ளைகளின் பண்டம். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு பெருந்தோல்வி இருக்கிறது. கரும்பை வீழ்த்தி மேப்பிளை உலகத்தின் சர்க்கரையாக்கிவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் பலர் கனவு கண்டார்கள். ஒரு மருத்துவர், ஒரு நீதிபதி, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஒருவர், ஆம்ஸ்டர்டாம் முதலாளிகள் என்று வரிசையாக முயன்று, வரிசையாகத் தோற்றார்கள். அந்தத் தோல்விகளையெல்லாம் தாண்டி மிஞ்சி நிற்பது இந்த மிட்டாய்.

முதலில் மரத்தைப் பார்த்துவிடுவோம். இனிப்பு மேப்பிள் வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்கே உரியது. கோடையில் சேர்த்த மாவுச்சத்தைக் கட்டைக்குள் பத்திரப்படுத்தி, குளிர்காலக் கடைசியில் சர்க்கரையாக்கிச் சாற்றில் கரைத்துவிடும். இரவில் உறைபனி, பகலில் உருகுபனி என்று மாறி மாறி வரும் சில வாரங்களில்தான் சாறு வடியும். இரவுக் குளிரில் கட்டைக்குள் இருக்கும் காற்று சுருங்குவதால் கீழிருந்து நீர் மேலே இழுபடுகிறது. பகல் வெயிலில் உள்ளழுத்தம் ஏறி, துளை கண்ட இடத்தில் சொட்டுகிறது. அரும்பு வெடித்துவிட்டால் அந்த வருஷக் கதை முடிந்தது. சாற்றின் ருசி கெட்டுவிடும். அந்தச் சாறும் பெரிய இனிப்பு ஒன்றுமில்லை. நூற்றுக்கு இரண்டு பங்கு சர்க்கரை, மிஞ்சிப்போனால் மூன்று. பதநீர் இறக்கிக் கருப்பட்டி காய்ச்சுகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். 40 லிட்டர் சாற்றைக் காய்ச்சி வற்றவைத்தால் 1 லிட்டர் பாகு தேறும். மிட்டாய்க்கு அதையும் இன்னும் வற்றவைக்க வேண்டும்.

இவ்வளவு விறகு ஏன் எரிக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு அனிஷினாபே மக்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள். ஆதியில் மேப்பிள் மரம் கெட்டிப் பாகாகவே சொட்டியதாம். ஊர் மக்கள் வேலைவெட்டி இல்லாமல் மரத்தடியில் மல்லாந்து வாயைத் திறந்துகொண்டு கிடந்தார்களாம். இதைப் பார்த்துக் கடுப்பான நானபோசோ என்ற மாயாவி, மரத்துக்குள் தண்ணீரை ஊற்றிப் பாகை நீர்க்க வைத்துவிட்டான். அன்று முதல் உழைத்தால்தான் இனிப்பு. மற்ற பழங்குடிகளிடமும் வேறு வேறு நாயகர்களை வைத்து இதே கதை உலவுகிறது.

அனிஷினாபே, ஹோடனோஷோனி, அபெனகி, மீக்மா முதலிய மக்கள் ஐரோப்பியர் வருவதற்கு முன்பே இந்தச் சாற்றை அறிந்திருந்தார்கள். பூர்ஜ மரப்பட்டைத் தொன்னைகளில் சாறு பிடித்தார்கள். காயவைத்த கல்லைச் சாற்றுக்குள் போட்டுச் சூடேற்றினார்கள். இன்னொரு வழி எனக்கு மிகவும் பிடித்தது: சாற்றை இரவு வெளியில் வைத்துவிட்டு, காலையில் மேலே உறைந்திருக்கும் பனிக்கட்டியை எடுத்து வீசிவிடுவது. உறைவது வெறும் தண்ணீர்தானே, சர்க்கரை அடியில் தங்கிவிடும். அடுப்பே இல்லாமல் சாறு பாதி வற்றியாயிற்று. உலோகக் கொப்பரை வருவதற்கு முன் இவர்கள் கெட்டிச் சர்க்கரை வரை காய்ச்சினார்களா, எவ்வளவு காய்ச்சினார்கள் என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு தீரவில்லை. பிரெஞ்சு வணிகர்கள் ரோமத்தோலுக்கு மாற்றாகச் செம்பு, இரும்புக் கொப்பரைகளைக் கொண்டுவந்து இறக்கிய பிறகு வேலை பல மடங்கு பெருகியது என்பதில் மட்டும் யாருக்கும் சந்தேகமில்லை.

கொப்பரையைச் சுற்றி நடந்ததெல்லாம் பெரும்பாலும் பெண்களின் ராஜ்யம். எந்தக் குடும்பம் எந்த மரங்களில் துளையிடலாம் என்ற உரிமைகூட அவர்கள் வழியாகவே இறங்கி வந்தது. பாகு பொங்கி வழியப் பார்த்தால் ஊசியிலை மரக் கிளையால் தட்டி அடக்கினார்கள். சர்க்கரை உடையாமல் மெத்தென்று இருக்க மான்கொழுப்பு சேர்த்தார்கள். பொடிச் சர்க்கரை, அச்சுச் சர்க்கரை, மெல்லும் பிசின் சர்க்கரை என்று மூன்று தினுசு வைத்திருந்தார்கள். மூன்றாவதுதான் நம் கதாநாயகன். கெட்டிப் பாகைப் பனிமேல் ஊற்றி, இறுகியதும் பட்டையில் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அனிஷினாபே மக்களிடையே பணிசெய்த ஆய்வாளர் பிரான்சிஸ் டென்ஸ்மோர் இதையெல்லாம் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார். பனிமேல் பாகு ஊற்றுவது யாரோ வெள்ளைக்காரப் பண்ணைப் பிள்ளையின் குறும்பில் பிறந்தது என்று நினைக்கிறவர்கள் அவருடைய பக்கங்களைப் புரட்டிப் பார்க்கலாம்.

அச்சு மிட்டாயும் அங்கேயே இருந்தது. 1855-இல் சுப்பீரியர் ஏரிக்கரையில் சுற்றிய ஜெர்மன் பயணி யோஹான் ஜியார்க் கோல், கரடியின் பாதம், பூ, நட்சத்திரம், சின்னச் சின்ன விலங்குகள் என்று மரத்தில் குடைந்த அச்சுகளில் சர்க்கரை வார்ப்பதைப் பார்த்திருக்கிறார். ஊர்த் திருவிழாவில் இஞ்சி ரொட்டி விற்பவர்களின் நினைவு அவருக்கு வந்துவிட்டது. இன்று விமான நிலையக் கடைகளில் மேப்பிள் இலை வடிவில் பெட்டி பெட்டியாக அடுக்கி விற்கும் மிட்டாயின் முப்பாட்டன் அந்தக் கரடிப் பாதம்தான்.

ஐரோப்பியரின் கண்ணில் மேப்பிள் சாறு முதலில் பட்டது சர்க்கரையாக அல்ல, மதுவாக! 1557-இல் பாரிசில் வெளியான தன் நூலில் ஆந்த்ரே தெவே என்ற துறவி கனடாவின் ஒரு மரத்தைக் குறிப்பிடுகிறார். அதை வெட்டியபோது வழிந்த சாறு ஆர்லியன், போன் நகரங்களின் நல்ல திராட்சை மதுவுக்கு இணையாக இருந்ததாம். மாலுமி ஜாக் கார்த்தியே முதலானோரிடம் கேட்டு எழுதியது அது. கடல் தாண்டி வரும் செய்தி கொஞ்சம் புளித்துத்தான் வரும்! 1685-இல் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழில் கனடா மேப்பிள் சாற்றிலிருந்து காய்ச்சும் சர்க்கரை பற்றி ஒரு குறிப்பு வந்தது. அதற்குள் மது கலைந்து சர்க்கரை தெளிந்துவிட்டது.

மொன்றியால் நகரத்தில் இதை மிட்டாயாகப் பார்த்த முதல் வணிக மூளை ஒரு பெண்மணியுடையது. அகாத் தெ சாம்-பேர், கணவர் வழியில் மதாம் தெ ரெப்பான்தினி. 1704-இல் 'லா சேன்' என்ற சரக்குக் கப்பலை ஆங்கிலேயர் பிடித்துக்கொண்டதால் காலனிக்குத் துணி வரவில்லை. இந்த அம்மாள் கலங்கவில்லை. பழங்குடிகளிடம் சிறைப்பட்டிருந்த ஆங்கில நெசவாளர்களைப் பணம் கொடுத்து மீட்டுவந்து, வீட்டிலேயே தறி போட்டு, அவர்களைக் கொண்டே உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு நெசவு கற்றுக் கொடுத்தார். துணிக்காகக் காட்டு நார்களைத் துழாவிய அதே கை மேப்பிளையும் விடவில்லை. பதினான்காம் லூயி மன்னருக்கு மேப்பிள் சர்க்கரையில் செய்த சின்ன மிட்டாய்களை அனுப்பிவைத்தார், மன்னருக்கும் பிடித்துப்போயிற்று. வெர்சாய் அரண்மனைக்குள் மேப்பிள் நுழைந்தது மூட்டைச் சர்க்கரையாக அல்ல, மிட்டாயாக. அந்தக் குறிப்பை அப்போதே யாராவது கவனித்திருந்தால் அடுத்த நூறு வருஷத்து நஷ்டம் மிச்சமாகியிருக்கும்.

அதே மொன்றியாலில் பாகு இழுக்கும் இன்னொரு மரபும் உண்டு. 1658-இல் ஒரு மாட்டுத் தொழுவத்தில் பள்ளி தொடங்கிய மார்கரித் பூர்ஷ்வா என்ற அருட்சகோதரி, பிள்ளைகளை வகுப்புக்கு வரவழைக்க நவம்பர் 25, புனித கத்தரீனாள் நாளில் பாகு மிட்டாய் இழுத்துக் கொடுத்தார் என்று கியூபெக் மக்கள் சொல்வார்கள். அந்த மிட்டாய் மேப்பிளில் செய்ததல்ல. கரும்புக் கழிவுப்பாகில் செய்தது. சுற்றிலும் மேப்பிள் காடு இருக்க, பாகு கரீபியன் தீவுகளிலிருந்து கப்பலேறி வந்தது. நவம்பரில் மேப்பிள் சொட்டாது என்பது ஒரு காரணம். பிரெஞ்சுத் தீவுகளில் அடிமைகளை வைத்துக் கரும்பு பெருகப் பெருக, கழிவுப்பாகும் மலிவாகிக்கொண்டே போனது என்பது இன்னொன்று. அந்த இரண்டாவது காரணத்தோடுதான் மேப்பிளுக்குச் சண்டை மூளப்போகிறது.

அதற்கு முன் ஒரு வணிகர் வந்து போகிறார். 1763 இளவேனிலில் அலெக்சாண்டர் ஹென்றி என்ற ரோமத்தோல் வியாபாரி சூ செயின்ட் மேரி அருகே ஒரு சர்க்கரை முகாமில் தங்கினார். ஏப்ரல் 25-இல் வேலை முடிந்து தராசில் நிறுத்தபோது ஏறத்தாழ 1,600 பவுண்டு சர்க்கரை. பாகு தனியாக 36 காலன். அந்த மாதம் முழுக்க வேட்டையும் மீனும் இருந்தும் தங்கள் முக்கிய உணவு சர்க்கரைதான் என்று எழுதுகிறார். நம்பக் கஷ்டமாக இருக்கிறது; ஆனாலும் கணக்கில் கறாரான வியாபாரி. மக்கினா தீவுச் சந்தையில் பூர்ஜ மரப்பட்டைப் பெட்டிகளில் அடைத்த சர்க்கரை கைமாறியது. பிற்பாடு உள்ளங்கை அளவுக் குட்டிப் பெட்டிகளைச் செய்து, அதில் சர்க்கரை அடைத்துச் சுற்றுலா வந்தவர்களின் பிள்ளைகளுக்கு விற்றார்கள் பழங்குடிப் பெண்கள். அந்தச் சந்தை உத்தி இன்றைக்கும் செல்லும்.

இப்போது பெரிய கனவுக்கு வருவோம். 1789. பிலடெல்பியா. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட மருத்துவர் பெஞ்சமின் ரஷ், மேப்பிள் சர்க்கரை உற்பத்தியை வளர்ப்பதற்கென்றே நண்பர்களோடு ஒரு சங்கம் வைத்தார். அவருடைய வாதம் எளிது, உன்னதமானது: கரும்புச் சர்க்கரையில் அடிமைகளின் ரத்தம் இருக்கிறது, மேப்பிளோ குடியானவன் வீட்டுக் கொல்லையில் சும்மா நிற்கிறது. அதில் சாறு பிடித்தால் கரீபியன் தோட்டங்களே கைவிடப்படும். 1791-இல் இதை ஒரு நீண்ட கடிதமாக, பின்னாளில் அதிபரான தாமஸ் ஜெபர்சனுக்கு எழுதினார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுக் காலனியான சாம்-தொமாங்கில் அடிமைகள் கிளர்ந்தெழ, கரும்புச் சர்க்கரை விலை ஏறியது. மேப்பிள்காரர்களுக்கு இதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்க முடியாது.

நியூயார்க் மாநிலத்தின் ஒட்செகோ ஏரிக்கரையில் நிலம் விற்றுக்கொண்டிருந்த நீதிபதி வில்லியம் கூப்பர் களத்தில் குதித்தார் (நாவலாசிரியர் ஜேம்ஸ் பெனிமோர் கூப்பரின் அப்பா). தன்னிடம் குடியேறியவர்களுக்குக் கொப்பரைகளைக் கடனாகக் கொடுத்து, காய்ச்சிய சர்க்கரையைக் குவேக்கர் வணிகரான ஹென்றி டிரிங்கர் வழியாகப் பிலடெல்பியாவுக்கு அனுப்பினார். ஒரு பருவம் அமோகம். அடுத்தடுத்த பருவங்களில் வானிலை கைவிட்டது. இரவு உறையவில்லையென்றால் சாறு இல்லை. சாறு இல்லையென்றால் கடன் கொடுத்த கொப்பரை திரும்பி வருமா என்பதே கவலை.

ஜெபர்சனுக்கு மேப்பிள் பித்து நன்றாகவே ஏறியது. 1790-இல் 50 பவுண்டு மேப்பிள் சர்க்கரை வாங்கினார். 1791 கோடையில் ஜேம்ஸ் மேடிசனோடு வெர்மான்ட் மாநிலம் வரை போய்க் காடுகளைச் சுற்றிப் பார்த்து, ஊர்க்காரர்களிடம் மேப்பிளின் மகிமையை எடுத்துச் சொன்னார். திரும்பும் வழியில் லாங் ஐலண்டில் ஒரு நாற்றங்காலில் 60 மேப்பிள் கன்றுகளுக்குச் சொல்லிவைத்தார். வர்ஜீனியாவின் வெப்பத்தில், அவருடைய மான்டிசெல்லோ தோட்டத்தில், அவை பிழைக்கவில்லை. அடிமைகள் தேவைப்படாத சர்க்கரைக்கான அந்தக் கன்றுகளுக்கு, நூற்றுக்கு மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்த தோட்டமே மண்ணாக வாய்த்தது. அவருக்கு இந்த முரண் உறுத்தியதாகத் தெரியவில்லை.

தோல்விகளில் என் அபிமானத் தோல்வி டச்சுக்காரர்களுடையது. ஆம்ஸ்டர்டாம் முதலீட்டாளர்கள் 1790-களில் கெரிட் போன் என்ற முகவரை நியூயார்க் காட்டுக்கு அனுப்பினார்கள். மரம் மரமாகப் போய்ச் சாறு சேகரிப்பது அவருக்கு முட்டாள்தனமாகப் பட்டது. மரத்துக்கு மரம் மர வாய்க்கால் கட்டி, சாறு தானாகவே சரிவில் ஓடி நேராகக் கொப்பரைக்கு வந்து சேரட்டும் என்றார். காகிதத்தில் அபாரம். பனியிலும் வெயிலிலும் பலகைகள் முறுக்கிக்கொண்டு பிளந்தன. சாறு வழியெல்லாம் காட்டுக்கே போனது. சில ஆண்டுகளில் திட்டத்தை மூட்டை கட்டினார்கள். ஆனால் பாவம், போன் பிறந்ததுதான் ஒன்றரை நூற்றாண்டு முந்திவிட்டது. 1959-இல் வெர்மான்டின் நெல்சன் கிரிக்ஸ் பிளாஸ்டிக் குழாய் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பெரிய மேப்பிள் காடுகளுக்குள் நுழைந்தால் வாளியைக் காண்பது அரிது. மரத்துக்கு மரம் நீலக் குழாய் ஓடுகிறது. போன் வரைந்த வாய்க்கால்தான், ஒழுகாமல். 1970-களில் வந்த எதிர்ச்சவ்வூடு பரவல் எந்திரமோ சாற்றை அடுப்பில் ஏற்றுமுன்பே பெருமளவு தண்ணீரைப் பிரித்துவிடுகிறது. காலையில் பனிக்கட்டியை எடுத்து வீசிய அதே யோசனை.

நெப்போலியன் காலத்து முற்றுகையில் கரும்புச் சர்க்கரை கிடைக்காமல் தவித்த ஆஸ்திரியாவிலும் ஜெர்மன் நாடுகளிலும் தங்கள் ஊர் மேப்பிளைத் துளைத்துப் பார்த்தார்கள். பலன் சொற்பம். சர்க்கரை பீட் கிழங்கு ஜெயித்தது. அத்தோடு ஐரோப்பா இந்தப் போட்டியிலிருந்து விலகிக்கொண்டது.

அமெரிக்காவில் மேப்பிளின் உச்சம் 1860. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் சுமார் 4 கோடி பவுண்டு மேப்பிள் சர்க்கரை பதிவாகியிருக்கிறது. அடிமைச் சர்க்கரையைத் தொடமாட்டோம் என்ற வைராக்கியமும் அதில் கலந்திருந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை ஒழிந்து, கரும்புச் சர்க்கரை மலிந்தபோது மேப்பிளின் அறவழி வாதமும் விலை வாதமும் ஒன்றாகச் சரிந்தன. இனி யாருக்கு வேண்டும் இந்தப் பழுப்புக் கட்டி?

புகையிலைக்கு வேண்டும் என்று பதில் வந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் ஜார்ஜ் கேரி என்ற மளிகை விற்பனையாளர் வெர்மான்டில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தார். ஒரு கடைக்காரர் பணத்துக்குப் பதிலாக 1,500 பவுண்டு மேப்பிள் சர்க்கரையைத் தலையில் கட்டிவிட்டார். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று விழித்த கேரிக்கு, வர்ஜீனியாவின் ரிச்மண்டில் ஒரு புகையிலைக்காரரோடு பேச்சு வாய்த்தது. மெல்லும் புகையிலைக்கு இனிப்பேற்ற அவர்கள் கரும்புச் சர்க்கரை வாங்குகிறார்கள் என்று தெரிந்தது. மேப்பிள் அதைவிட மலிவு, புகையிலையை ஈரம் போகாமல் வைத்திருக்கும், வாசனை வேறு. மூட்டை மூட்டையாகப் போக ஆரம்பித்தது. செயின்ட் ஜான்ஸ்பரி என்ற சிற்றூரில் கேரி தொடங்கிய நிறுவனம் உலகிலேயே பெரிய மேப்பிள் சர்க்கரை வணிகமானது. அடிமைத்தனத்தை ஒழிக்கக் கனவு கண்ட சர்க்கரை, கடைசியில் வெற்றிலைப்பெட்டி வேலைக்குப் போய்ச் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1930-களின் பெருமந்தத்தில் புகையிலைக்காரர்கள் கையை விரிக்க, 1931-இல் கேரி திவாலானார்.

அவர் வாங்கிய சரக்கில் பெரும்பங்கு கியூபெக்கிலிருந்து வந்தது. விலையை அவர்தான் வைப்பார். குடியானவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு விற்பார்கள். இந்த எரிச்சலில் 1925-இல் சிரீல் வையன்கூர் தலைமையில் கியூபெக் உற்பத்தியாளர்கள் கூட்டுறவு அமைத்தார்கள். இன்று உலகின் மேப்பிள் பாகில் ஏறக்குறைய 70 சதவீதம் கியூபெக்கில் விளைகிறது. ஒரு கூட்டமைப்பு அளவு வைத்து விற்று, விளைச்சல் பொய்க்கும் ஆண்டுகளுக்காகச் சேமக் கிடங்கும் வைத்திருக்கிறது. அந்தக் கிடங்குகளில் ஒன்றிலிருந்து 2011-12-இல் சுமார் 3,000 டன் பாகு திருடு போனதையும், சில பீப்பாய்களில் பாகுக்குப் பதிலாகத் தண்ணீர் இருந்ததையும் செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். மதிப்பு 1.8 கோடி கனடா டாலருக்கும் மேல். பீப்பாய்க்குள் தண்ணீர் ஊற்றிய ஐடியாவுக்கு நானபோசோ உரிமை கொண்டாடலாம்.

செயின்ட் ஜான்ஸ்பரியில் இன்னொரு அடுப்பும் எரிந்தது. 1915-இல் காத்தரின் ஐட் கிரே என்ற பெண்மணி தன் பண்ணை வீட்டுச் சமையலறையில் மேப்பிள் மிட்டாய் செய்து விற்கத் தொடங்கினார். அது வளர்ந்து ஆலையாகி, ஊர் கடந்து, பெட்டியில் அடைத்த பரிசுப் பண்டமானது. ஒரே ஊரில் ஒருவர் டன் கணக்கில் புகையிலைக்கு அனுப்பிக்கொண்டிருக்க, இன்னொருவர் அவுன்ஸ் கணக்கில் அச்சில் வார்த்துக்கொண்டிருந்தார். எது நிலைத்தது என்பது நமக்குத் தெரியும்.

பனிமேல் ஊற்றும் மிட்டாய் மட்டும் இந்தக் கொள்முதல் கலாட்டாவில் எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. அதை மூட்டை கட்ட முடியாது, அனுப்ப முடியாது, அங்கேயே நின்று தின்றால்தான் உண்டு. லாரா இங்கல்ஸ் வைல்டர் 1932-இல் வெளியிட்ட நாவலில் விஸ்கான்சின் காட்டு வீட்டுத் தாத்தா சர்க்கரை காய்ச்ச, பிள்ளைகள் பனியை அள்ளி வந்து நிற்கும் அத்தியாயத்தைப் படித்தே பல தலைமுறை அமெரிக்கப் பிள்ளைகள் இந்த ஆசையை வளர்த்துக்கொண்டார்கள். வெர்மான்டில் இதற்குத் துணையாகப் புளிப்பு வெள்ளரி ஊறுகாயும் இனிக்காத டோனட்டும் தட்டில் வரும். திகட்டும்போது ஒரு கடி ஊறுகாய். நாக்கு சுத்தமானதும் மறுபடி பாகு.

அடுத்து, நகல்காரர்கள். 1887-இல் மின்னசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகர மளிகைக்காரர் பி. ஜே. டவுல், மேப்பிளோடு கரும்புப் பாகைக் கலந்து மலிவாக்கி, 'லாக் கேபின்' என்று பெயரிட்டு, மரவீட்டு வடிவத் தகர டப்பாவில் விற்றார். டப்பாவின் அழகுக்கே வாங்கினார்கள். பின்னாளில் அந்தப் பாகில் மேப்பிள் குறைந்து குறைந்து, சோளப் பாகு மட்டும் மிஞ்சியது. சியாட்டிலில் 'மேப்பிலீன்' என்று ஒரு திரவம் வந்தது. பெயரில் இருந்த மேப்பிள் பாட்டிலில் இல்லை. 1906-இல் தூய உணவுச் சட்டம் வந்ததும் அரசு அதன்மேல் வழக்குப் போட்டது. மக்கள் அதற்காக வாங்குவதை நிறுத்திவிடவில்லை. மேப்பிளில் அவர்கள் தேடியது சர்க்கரையை அல்ல, வாசனையை. ரஷ்ஷும் ஜெபர்சனும் கணக்கில் விட்ட சமாச்சாரம் அது.

அந்த வாசனை நம் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. வெந்தயம்! சோட்டலோன் என்ற வேதிப்பொருள் வெந்தயத்துக்கு அதன் குணத்தைக் கொடுக்கிறது. மேப்பிள் பாகிலும் அதுவே உண்டு. ஆகவே போலி மேப்பிள் வாசனைக்கு வெந்தயச் சாறு நெடுங்காலக் கூட்டாளி. வெந்தயம் அதிகம் சாப்பிட்டவர்களின் வியர்வையில் மேப்பிள் மணப்பதும் இதனால்தான். 2005 இலையுதிர் காலத்தில் நியூயார்க் நகரம் முழுக்கத் திடீரென்று மேப்பிள் பாகு மணத்தது. உலக வர்த்தக மையத் தாக்குதலை மறக்காத ஊர். இது ஏதோ விஷவாயுவாக இருக்குமோ என்று அவசர எண்ணுக்கு அழைப்புகள் குவிந்தன. மணம் வந்து வந்து போயிற்று. புகார் வந்த இடங்களை வரைபடத்தில் குறித்து, காற்று வீசிய திசையோடு ஒப்பிட்டு, 2009 பிப்ரவரியில் மூலத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், நியூ ஜெர்சியின் நார்த் பெர்கனில், வாசனைப் பொருள் ஆலை ஒன்றில் வெந்தயத்தைப் பதப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மேயர் புளூம்பர்க் பத்திரிகையாளர்களைக் கூட்டி அறிவித்தார். வெந்தயத்தை உலகில் அதிகம் விளைவிப்பது இந்தியா என்பதையும், அதில் ராஜஸ்தானுக்கே பெரும்பங்கு என்பதையும் அவரிடம் யாராவது சொன்னார்களா தெரியாது.

மிட்டாய் செய்து பார்க்க ஆசை வந்திருந்தால், வேலை கஷ்டமில்லை; பதம்தான் எல்லாம். பாகை அடிகனமான பாத்திரத்தில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது, பயங்கரமாகப் பொங்கும். பழைய கொட்டகைகளில் கொப்பரைக்கு மேலே உப்புப் பன்றிக்கொழுப்புத் துண்டு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். நுரை எழும்பி அதைத் தொட்டதும் அடங்கிவிடும். வீட்டில் ஒரு சொட்டு வெண்ணெய் போதும். தண்ணீர் கொதிக்கும் வெப்பத்துக்கு மேல் 13 அல்லது 14 டிகிரி, அதாவது 113 டிகிரி செல்சியஸ் வாக்கில் இறக்க வேண்டும். நம் கணக்கில், தண்ணீரில் விட்டால் இளக்கமாக உருட்டவரும் பதம். மலை மேல் இருந்தால் தண்ணீரே முன்னதாகக் கொதிக்கும் என்பதால், அனுபவசாலிகள் முதலில் வெறும் தண்ணீரைக் கொதிக்கவிட்டு வெப்பமானியைச் சரிபார்த்துக்கொள்வார்கள். இறக்கியதும் கிளறாமல், குலுக்காமல், அப்படியே பனிமேல். பனி இல்லாத ஊரில் பொடித்த ஐஸை ஆழமான தட்டில் இறுக்கி வைத்துக்கொண்டால் ஆயிற்று. குளிர் சட்டென்று தாக்குவதால் சர்க்கரைக்குப் படிகமாக நேரம் கிடைப்பதில்லை. கண்ணாடிபோலத் தெளிந்து, இழுத்தால் நீள்கிறது.

அதே பாகை இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏற்றி, அசையாமல் 90 டிகிரி வாக்குக்கு ஆறவிட்டு, பிறகு மரக்கரண்டியால் கிளறினால் கதையே வேறு. கிளறக் கிளற நுண்படிகங்கள் தோன்றி, பளபளப்பு மங்கி, வெளுத்து, கெட்டிப்படும். அந்தக் கணத்தில் அச்சில் ஊற்றிவிட வேண்டும். தாமதித்தால் கரண்டியோடு இறுகிவிடும். வாயில் போட்டால் கரையும் அச்சு மிட்டாய் இதுதான். கடைக்காரர்கள் அதை மறுபடி குளிர்ந்த பாகில் ஓர் இரவு ஊறவைத்து, மேலே மெல்லிய படிக ஓடு கட்டவைப்பார்கள், உலராமல் இருக்க. இதற்குப் பருவத் தொடக்கத்துப் பொன்னிறப் பாகுதான் தோது. பருவக் கடைசியில் நுண்ணுயிர்கள் சாற்றுச் சர்க்கரையைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் உடைத்துவிடுவதால், கருத்த பாகு எளிதில் படிகமாகாது.

இந்தக் கடைசி விஷயம் கடையில் வாங்கிய பாட்டிலைச் சோதிக்கவும் உதவும். காய்ச்சி ஐஸ் மேல் ஊற்றினால் சோளப் பாகும் ஒழுங்காக இறுகி, குச்சியில் சுற்றிக்கொண்டு, வெந்தயச் சாறு புண்ணியத்தில் வாசனையும் அடிக்கும், ஏமாந்துவிடலாம். ஒரு கரண்டியை எடுத்துக் கிளறிப் பாருங்கள். சோளப் பாகின் சர்க்கரை படிகம் கட்ட விடாது. கை ஓய்ந்துபோகும் வரை கிளறினாலும் அது வெளுக்காது.